எர்ணாவூரில் தூங்கிய போன்

கயல், அருண்,

போன ஞாயிற்றுக்கிழமை காலை அருண் தன் போனைத் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாம் இடம் மாறிக் கிடக்குதுப்பா, தானா மாறிடுச்சு" என்றான். கயல் சிரித்தாள். நான் இட்லியைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததை உங்கள் அம்மா மட்டும்தான் கவனித்தாள். போனில் எதுவும் தானாக மாறுவதில்லை, பிள்ளைகளே. எங்கோ ஓர் அறையில் யாரோ உட்கார்ந்து மாற்றுகிறார்கள். அப்படி ஓர் அறையில் நானும் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால், "செல்போன் டவர் வேலை" என்று நீங்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். திருத்தியதில்லை. திருத்தினால் முழுக்கதையையும் சொல்ல வேண்டி வரும். இப்போது ஓய்வுதான். எழுதி வைக்கிறேன்.

நான் ஐ.டி.ஐ. வரை படித்தவன். வியாசர்பாடி குடியிருப்பில் பிறந்து, கொஞ்ச காலம் பேஜர் கடையில் இருந்துவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு செல்போன் கம்பெனியில் சேர்ந்தேன். முதலில் கவுண்டர் வேலை. புதிதாகப் போன் வாங்கியவர்களுக்கு மெசேஜ் போகாது. போனுக்குள் போய் ஒரு நம்பரைச் சரியாக அடித்துக் கொடுத்தால்தான் போகும். ஒவ்வொரு மாடலிலும் அது ஒவ்வோர் இடத்தில் ஒளிந்திருக்கும். பிறகு போனில் இன்டர்நெட், படம் அனுப்புவது எல்லாம் வந்தபோது அடிக்க வேண்டியது இன்னும் கூடியது. வரிசை தெருவரைக்கும் நிற்கும். விரல் நுனி மரத்துப்போகும்.

அப்போதுதான் கம்பெனி அந்தச் சர்வரை வாங்கியது. எல்லாப் போனுக்கும் வேண்டிய செட்டிங்ஸை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டு, அங்கிருந்தே அனுப்பிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத மெசேஜ் ஒன்று போய்ப் போனுக்குள் உட்கார்ந்து வேலையை முடித்துவிடும். வைத்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது. கவுண்டர் கூட்டம் கரைந்துபோயிற்று. கவுண்டரில் இருந்த எங்களிலும் பாதிப் பேர் கரைந்துபோனார்கள். மிச்சமிருந்தவர்களில் என்னையும் சேகரையும் ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு மாடி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே எங்களுக்கு மேலதிகாரி ஸ்டெல்லா மேடம்.

சின்ன உருவம். கஞ்சி போட்ட காட்டன் சேலை. ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தலைமை ஆபீஸோடு ஆங்கிலத்தில் பேசுவார், எங்களோடு நம் தெருப் பேச்சு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஜன்னலை எவ்வளவு சாத்தி வைத்தாலும் துறைமுகத்து நிலக்கரித் தூசி உள்ளே வரும். காலையில் ஆபீஸுக்கு வந்தவுடன் முதல் வேலையாக ஒரு பழைய பனியன் துணியால் மேசையில் இருந்த போன்களை அவரே துடைப்பார்.

அந்தப் போன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்க்கெட்டிலிருந்து மேடம் ஒரு முட்டை அட்டை வாங்கி வந்திருந்தார். குழிக்கு ஒன்றாக, வெவ்வேறு மாடல் போன்களை அதில் நிறுத்தி வைத்திருப்போம். எல்லாமே பழசு. கண்ணாடி விரிந்தது, எண்கள் அழிந்தது, ரப்பர் பேண்டு போட்டது. கம்பெனி புதுப் போன் கொடுத்தபோது திருப்பி அனுப்பிவிட்டார். "ஜனங்க கையில இன்னா கீதோ அதான் நம்ம அட்டையில இருக்கணும்" என்றார்.

தலைமை ஆபீஸிலிருந்து ஒரு மாற்றம் வந்தால் மூன்று பேர் உட்காருவோம். ஒருவர் வரிவரியாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒருவர் அடிக்க வேண்டும். மூன்றாவது ஆள் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, காதில் விழுந்ததை வைத்து, "இது போனால் யாருக்கு என்ன ஆகும்" என்பதைச் சாதாரணத் தமிழில் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் அன்றைக்கு அது போகாது. பிறகு முட்டை அட்டைக்கு அனுப்புவோம். சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்து ஒவ்வொரு போனாக எடுத்துப் பார்ப்போம். அதற்குப் பிறகு எங்கள் சொந்தப் போன்கள். கடைசியில்தான் ஊருக்கு.

ஊருக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் மேடம் எழுந்து நின்று செருப்பைக் கழற்றி ஓரமாக விடுவார். முதல் தடவை பார்த்தபோது சேகருக்குச் சிரிப்பு.

"இன்னா மேடம், சர்வர்ல சாமி கீதா?"

"சாமி இல்ல சேகரு. இத்தினி பேரு வூட்டுக்குள்ள கதவ தட்டாம நுழையிறோம். செருப்போடவா போவ?"

அதற்குப் பிறகு நாங்களும் கழற்றினோம்.

சுனாமி வந்துபோன பிறகு, கம்பெனி மீனவர்களுக்காகப் போனில் ஒரு செய்தி வசதி கொண்டு வந்தது. கடலின் நிலவரம் தினம் விடிவதற்கு முன் போனுக்கு வரும். திறந்தால் நிறம் மட்டும்தான் தெரியும். பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் போகக் கூடாது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஆகும் என்று அப்படிச் செய்தார்கள். திருவொற்றியூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் வீடு வீடாகப் போய் அதைப் போட்டுக் கொடுத்தவன் நான். அந்தக் குப்பத்தில் கொஞ்சம் குடும்பங்களுக்கு மட்டும் சர்க்கார் கரையிலிருந்து உள்ளே தள்ளி எர்ணாவூரில் அடுக்கு வீடு கொடுத்திருந்தது. அங்கேயும் போனேன். அப்படித்தான் தேசிங்கு எனக்குப் பழக்கம். ஃபைபர் படகு வைத்திருந்தார். அவர் போனிலும் போட்டேன், அவர் மனைவி செல்வியின் போனிலும் போட்டேன். செல்வியின் தம்பி பாபுதான் அவரோடு படகில் போகிறவன். "நைனா, இந்தப் பச்ச சிவப்புலாம் சிக்னல்ல பாத்தாலே நாங்க நிக்க மாட்டோம்" என்று பாபு கிண்டல் செய்தான். தேசிங்கு அவன் தலையில் தட்டினார்.

அதே வசதியை மீன் வியாபாரிகளும் வாங்கினார்கள். அவர்களுக்கு அலை வேண்டாம், மீன் விலை போதும். ஆகவே சர்வரில் இரண்டு குழு. ஒன்று கடல், இன்னொன்று சந்தை. எந்தப் போன் எந்தக் குழு என்பதை ஆரம்பத்தில் நாங்களே கையால் குறித்தோம். பிறகு ஆட்கள் கூடக்கூட, தலைமை ஆபீஸ் ஒரு விதி எழுதி அனுப்பியது. போன் இரவில் எந்த டவரின் கீழ் இருக்கிறது என்று சர்வர் பார்க்கும். கரையோர டவர் என்றால் கடல் குழு. உள்ளே தள்ளி இருக்கிற டவர் என்றால் சந்தைக் குழு. சர்வரே பிரித்துக்கொள்ளும், ஆள் வேண்டாம்.

அந்த விதியையும் நாங்கள் முறைப்படிதான் செய்தோம். நான் படித்தேன். மேடம் அடித்தார். சேகர் முதுகு காட்டி உட்கார்ந்து, "மீன் யாவாரிங்களுக்கு அலை சேதி நிக்கும், விலை மட்டும் போவும்" என்றான். சரியாகத்தான் சொன்னான். அட்டையில் வைத்துப் பார்த்தோம். எல்லாக் குழியிலும் சரியாக வந்தது. வராமல் எப்படி இருக்கும்? எங்கள் அட்டைப் போன்கள் எல்லாமே ராயபுரத்தில் ஒரே மேசையில் படுத்திருந்தவை. அவை இரவில் வேறு எங்கும் போய்த் தூங்குவதில்லை. கரையில் தொழில் செய்து, உள்ளே போய்த் தூங்குகிறவன் ஒருவன் இருப்பான் என்று அந்த முட்டை அட்டைக்குத் தெரியாது. மேடம் செருப்பைக் கழற்றினார். அனுப்பினோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சந்தைக் குழுவுக்குப் போன பிறகு போனில் இருந்த பழைய நிறம் அழியாது. புதுச் செய்தி வரும் வரை கடைசியாக வந்த நிறமே நிற்கும். எர்ணாவூர் அடுக்கு வீடுகளில் இருந்த போன்களில் கடைசியாக வந்தது பச்சை.

ஐப்பசியில் ஒரு காலை. குப்பத்துப் போன்களில் எல்லாம் சிவப்பு வந்தது, ஒரு படகும் இறங்கவில்லை. எர்ணாவூரிலிருந்து கரைக்கு வந்தவர்களும் குப்பத்தார் சொல்லக் கேட்டுத் திரும்பிப் போனார்கள். தேசிங்கு மட்டும் படகை வீட்டுக்குப் பக்கமாக எண்ணூர் முகத்துவாரத்தில் கட்டி வைத்திருந்தார். அங்கே சொல்ல ஆள் இல்லை. முகத்துவாரத்தைத் தாண்டியதுமே அலை படகைக் கவிழ்த்தது. பாபு கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்து பிழைத்தான். தேசிங்கு காட்டுப்பள்ளிப் பக்கம் பிணமாகக் கரை ஒதுங்கினார். அவர் போன் கடலோடு போயிற்று.

காரியம் கூட முடியவில்லை. பாபு எங்கள் மாடிப்படி ஏறி வந்தான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பச்சதாண்ணே இர்ந்துச்சு. மாமா தொறந்து என்கிட்ட காமிச்சாரு. ஊர்ல எல்லாருக்கும் சிவப்பாம். நான் குட்ச்சிட்டு மாமாவ இட்டுனு போயி சாவடிச்சிட்டு, போன் மேல பழி போட்றேன்னு சொல்றாங்கோ. அக்காவே என் மூஞ்சியப் பாக்க மாட்டேன்னுது. நீ வந்து போட்டுக் குட்த்ததுதானே? நீ சொல்லு."

படகும் வலையும் இல்லாமல் அவனை ஊரை விட்டு ஒதுக்கிவைக்கப் பஞ்சாயத்து பேசிக்கொண்டிருந்தது. அது கூட அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அக்கா நம்பவில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவன் போன பிறகு தேசிங்கின் நம்பரைச் சர்வரில் தேடினேன். சந்தைக் குழுவில் இருந்தது. பக்கத்து வீட்டு நம்பர்களைப் பார்த்தேன். அத்தனையும் சந்தை. மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த நம்பர்களை ஒவ்வொன்றாக ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு தலைமை ஆபீஸுக்குப் போன் போட்டார்.

அன்று மத்தியானமே பதில் வந்தது. அந்த விதியை எடுத்துவிட வேண்டும், எர்ணாவூர்ப் போன்கள் எல்லாவற்றையும் கடல் குழுவுக்கு மாற்றி, சரியான நிறத்தை உடனே அனுப்ப வேண்டும். வெளியே யாரிடமும் இதைப் பற்றிப் பேசக் கூடாது. யாராவது கேட்டால் போன் பழுது என்று சொல்ல வேண்டும்.

நாங்கள் உட்கார்ந்தோம். இந்தத் தடவை நான் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். சேகர் படித்து முடித்ததும், இது போனால் யாருக்கு என்ன ஆகும் என்று மேடம் கேட்டார். இன்றைக்கும் கடல் சிவப்புதான், எர்ணாவூரில் எல்லாப் போனிலும் அது வரும் என்றேன்.

மிச்சத்தை அவரே சொன்னார். "பழைய பச்ச அழிஞ்சிடும். இனிமே எந்தப் போனைத் தொறந்து பாத்தாலும் சரியாத்தான் இருக்கும். பாபு சொன்னது பொய்யாயிடும். அனுப்பலன்னா நாளைக்கு இன்னொருத்தன் போவான்."

செருப்பைக் கழற்றினார். அன்றைக்கு அட்டைக்கும் அனுப்பவில்லை, காத்திருக்கவும் இல்லை. நேராக அழுத்தினார். அழுத்திவிட்டு விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

அவர் சொன்னது போலவே நடந்தது. பஞ்சாயத்தார் எர்ணாவூருக்கு ஆள் அனுப்பிப் போன்களை வாங்கிப் பார்த்தார்கள். எல்லாம் குப்பத்துப் போன்களைப் போலவே காட்டின. சில வீடுகளில், முன்பு எப்போதும் பச்சையாகவே இருந்ததாக ஞாபகம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்களாம். ஊரை எதிர்த்து யாரும் அதற்கு மேல் சொல்லவில்லை.

மேடம் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். நாங்கள் அனுப்பிய நேரத்திலிருந்து அணைந்தே கிடக்கிற போன் எர்ணாவூரில் ஏதாவது இருக்குமா என்று. யோசித்துப் பார்த்தேன். சாவுச் சேதி வந்ததும் செல்வி தன் போனைச் சுவரில் எறிந்ததாகப் பாபு சொல்லியிருந்தான்.

எர்ணாவூருக்குப் போனேன். பக்கத்து வீட்டம்மாள்தான் அலமாரியின் மேல்தட்டைக் காட்டினாள். போன் ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கமாகக் கிடந்தது. அப்படியே கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். செல்வி கதவோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தப் போனைச் சும்மா திறந்துவிட முடியாது. பேட்டரி போட்டு உயிர் வந்த மறுநிமிஷம், நாங்கள் அனுப்பிய மெசேஜ் காத்திருந்து உள்ளே வந்து பச்சையை அழித்துவிடும். மெசேஜ் தேடுவது நம்பரை, அந்த நம்பர் இருப்பது சிம் கார்டில். சிம்மை எடுத்துவிட்டு வேறு நம்பர் சிம் போட்டால் மெசேஜ் வழி தவறிப் போகும், நிறம் மட்டும் போனுக்குள்ளேயே இருக்கும் என்பது எங்கள் கணக்கு. அட்டையில் அதே மாடல் ஒன்று இருந்தது. அதில் செய்து பார்த்தோம். நிறம் அழியாமல் நின்றது. மேடம் மறுபடியும் செய்து பார்க்கச் சொன்னார். நின்றது. தலைமை ஆபீஸுக்குச் சொல்ல வேண்டாமா என்று சேகர் மெதுவாகக் கேட்டான். "சொன்னா வேணாம்பாங்க, சேகரு. அதான் சொல்லல" என்றார்.

கடல் சிவப்பாக இருக்கிற ஒரு நாளில்தான் பஞ்சாயத்து கூடும். அன்றுதான் ஆண்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள். வலை பின்னும் கொட்டகையில் கூடியிருந்தார்கள். அலைச் சத்தத்தில் பேச்சு பாதிதான் கேட்டது. தலைவர் கன்னியப்பன் நடுவில் உட்கார்ந்திருந்தார். பாபு தூரத்தில் கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் அருகில் நின்றான். பெண்கள் கொட்டகைக்கு வெளியே மணலில் இருந்தார்கள், செல்வியும் இருந்தாள்.

மேடம் கொட்டகை வாசலில் செருப்பை விட்டார். ஒருவன், "கம்பெனிக்காரம்மா, போன் விக்க வந்தியா? போறப்ப அலையக் கொஞ்சம் அணைச்சிட்டுப் போ" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். மேடம் அவனைப் பார்க்கவில்லை. கைக்குட்டையைப் பிரித்து, ஒரு மீன்கூடையைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தார்.

"இது செல்வி போனு. தேசிங்கு கடலுக்குப் போன அன்னிக்கு மத்தியானம் வரிக்கும் இதுக்கு உயிரு இர்ந்துதா இல்லையா, யாருக்காச்சும் தெரியுமா?"

கன்னியப்பன் தொண்டையைக் கனைத்தார். "இர்ந்துது. சாவுச் சேதிய நாந்தான் போன் போட்டுச் சொன்னேன். இந்த நம்பருக்குத்தான் போட்டேன்."

"உங்க போன்ல சிவப்பு எப்ப வந்துது?"

"அன்னிக்கு விடியறதுக்கு முன்ன."

"அப்போ இந்தப் போன்லயும் வந்திருக்கணும், இல்லீங்களா?" என்றார் மேடம். "எங்க ஆபீஸ்ல ஒரு வேலைய மூணு பேராச் செய்வோம். நான் சொல்லுவேன், இவரு செய்வாரு. மூணாவது ஆளு நீங்க. இன்னா ஆவுதுன்னு நீங்க வாய்விட்டுச் சொல்லணும்."

மேடம் சொல்லச் சொல்ல நான் செய்தேன். பழைய சிம்மை எடு. எடுத்தேன். அதை அவங்க கையில குடு. கன்னியப்பன் கையில் கொடுத்தேன். உன் சிம்மைப் போடு. உப்புக் காற்றில் சிம் வழுக்கி மணலில் விழப் பார்த்தது. போட்டேன். பேட்டரியைப் போட்டு மூடினேன். அழுத்தினேன். கண்ணாடி குறுக்கே விரிந்திருந்தது. வெளிச்சம் வந்தது. தொறந்து அவருக்குக் காட்டு என்றார் மேடம்.

கன்னியப்பன் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கொட்டகைக்கு வெளியே அலை எழும்பி விழுந்துகொண்டிருந்தது. விரிந்த கண்ணாடியைத் தோள் துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"பச்ச" என்றார்.

போன் கைமாறிக் கைமாறிப் போயிற்று. அலையை அணைக்கச் சொன்னவனும் வாங்கிப் பார்த்தான். கடைசியில் அது வெளியே போய்ச் செல்வியின் கைக்கு வந்தது. அவள் பார்த்தாள். எழுந்து பாபுவிடம் போனாள். அவன் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். கன்னியப்பன் எழுந்து, அவன் மேல் ஊருக்கு ஒரு பேச்சும் இல்லை என்று மட்டும் சொன்னார்.

ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். மேடம் சொன்னார். கம்பெனியைக் காப்பாற்றவும் இல்லை, எங்களைக் காப்பாற்றவும் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டே செல்வி திரும்பி வந்தாள்.

"அப்போ, எங்களுக்கு எர்ணாவூர்ல வூடு குட்த்ததாலதான் அவுரு செத்தாரா?"

மேடம் வெறும் காலோடு மணலில் நின்றுகொண்டிருந்தார். "ஆமாம்மா" என்றார். "நீங்க எங்க தூங்குறீங்கன்னு பாத்தோம். எங்க தொழிலுக்குப் போறீங்கன்னு பாக்கல."

செல்வி அந்தப் போனைத் திருப்பித் தரவில்லை. என் சிம்மை மட்டும் எடுத்து என்னிடம் நீட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்று மாலைக்குள் குப்பத்தில் பல பேர் அந்த வசதியையே போனிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி வானத்தைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பாபு மறுபடியும் கடலுக்குப் போகவில்லை. காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போனான். வழியில் பார்த்தால் கை தூக்குவான், நிற்க மாட்டான். மேடத்தைத் தலைமை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தவர் ஒரு வாரம் கழித்து மேசையைக் காலி செய்தார். போகும்போது போன்களை ஒரு தடவை துடைத்துவிட்டுப் போனார். சேகர் மட்டும் கீழே தெருமுனை வரை கூடவே போய்விட்டு வந்து, ஜன்னல் பக்கம் நின்று மூக்கைச் சிந்தினான்.

புதிதாக வந்த அதிகாரி நல்லவர்தான். மூன்று பேர் உட்காருவது நேரம் வீண் என்றார். முட்டை அட்டை அலமாரிக்குள் போயிற்று.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கீழே போயிருந்தார்கள். நான் சர்வரில், போய்ச் சேராத மெசேஜ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அணைந்த போன்கள், தொலைந்த போன்கள். அவற்றுக்கு நடுவில் தேசிங்கின் நம்பர். அன்று மத்தியானம் மேடம் அழுத்திய அதே மெசேஜ். சிவப்பு. போகாதே. போன் கிடைக்கவில்லை, மறுபடியும் முயற்சி என்று எதிரில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். மறுபடியும் முயற்சி. எண்ணூருக்கு வெளியே எங்கோ கடலுக்கு அடியில் கிடக்கிற போனைச் சர்வர் அத்தனை நாளாக விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

எழுந்து செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். தரை சில்லென்று இருந்தது, நிலக்கரித் தூசி உள்ளங்காலில் நறநறத்தது. நின்றபடியே அந்த ஒரு வரியை மட்டும் சர்வரிலிருந்து எடுத்துவிட்டேன்.